கொள்கையளவில் ஒப்புதல்

"இன்னொரு குடம்," என்றது திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

வஜீஹா வெந்நீர்க் குடத்தைத் திரைக்கடியில் நகர்த்தினாள். ஒரு கை அதை இழுத்துக்கொண்டது. உள்ளே அத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தா ஷரஃபுதீனுக்கு இரண்டு வருடமாக இதயக் கோளாறு. வேலூரில் ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்றார்கள். அதற்காகத்தான் சாந்தோம் வீட்டை விற்க நினைத்தார். தி. நகர் நகைக்கடைக்காரர் ஒருவர் முழுப் பணத்தோடு வந்தார். அதே வாரம் வீடு கேட்டு தனபாலன் என்பவனும் வந்தான். ஆயிரம் ரூபாய் அதிகம் தருவதாகச் சொன்னான். கையில் வீட்டுக்கடன் சொசைட்டியின் கடிதம்.

வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் வஜீஹா மட்டும். முதல் வரியில் ஒப்புதல் என்று இருந்தது.

"லோன் சாங்ஷன் ஆயிடுச்சு அத்தா," என்றாள்.

கீழே பொடி எழுத்தில் ஆறு வரிகள் இருந்தன. அவற்றை அவள் படிக்கவில்லை.

அத்தா தனபாலனோடு மூன்று மாத ஒப்பந்தம் போட்டார். அது முடியும்வரை வேறு யாருக்கும் விற்க முடியாது. நகைக்கடைக்காரர் அடையாறில் வேறு வீடு வாங்கிவிட்டார். ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, இன்று காலை, அத்தா எழவில்லை.

கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். தூக்குவதற்கு முன் அண்ணன் கரீமுல்லா வாசலில் நின்று வழக்கப்படி கேட்டான்.

"அத்தா யாருக்காவது தரவேண்டியது இருந்தா சொல்லுங்க. நான் பொறுப்பு. மனசுல எதுனா இருந்தா மன்னிச்சிடுங்க."

கூட்டத்திலிருந்து தனபாலன் முன்னால் வந்தான்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது பாய். லோன் இல்லன்னுட்டாங்க. ஃபண்டு இல்லியாம். நேத்து சாயந்தரம்தான் சொன்னாங்க. அட்வான்ஸு ரெண்டாயிரம் என் பொஞ்சாதி நகைய வச்சுக் குடுத்தது..."

"இன்னாய்யா சொல்ற? ஒரு காயிதத்தக் காட்டி மூணு மாசம் வூட்டக் கட்டிப் போட்ட. மனுசனே போய்ட்டாரு. இப்ப அட்வான்ஸா?" என்றான் கரீமுல்லா.

"தம்பி, இரு." வக்கீல் குமாஸ்தா சண்முகவேல் கூட்டத்தை விலக்கி வந்தார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "பணம் இதுல அப்படியே இருக்கு. பாய் எங்கிட்ட குடுத்து வச்சிருந்தார். இவனும் ஏமாந்தவன்தான், கேட்டா குடுத்துடுங்கன்னார்."

"எப்போ?"

"ரெண்டு மாசமாச்சு. கடுதாசிய எடுத்துட்டு வந்தார். முழுசாப் படிச்சேன். சொசைட்டில பணம் இருந்தா, பத்திரம் சரியா இருந்தா, அப்புறம் யோசிக்கிறோம்னு போட்டிருக்கான், இது லோனே இல்ல பாய்னு சொன்னேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

குமாஸ்தா, பெண்கள் நின்ற திரைப்பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார்.

"வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்னார். படிச்ச புள்ள மனசு உடைஞ்சிடும்னார்."

வஜீஹா திரையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் அத்தா அவளிடம் ஆங்கிலக் காகிதங்களைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். மின்சார நோட்டீஸ், மருந்துச் சீட்டு, ஒரு முறை பிஸ்கட் டப்பாவின் லேபிள். மூச்சு வாங்க உட்கார்ந்து, அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். போன வெள்ளிக்கிழமைகூட, "நீ சொன்னா சரிதாம்மா," என்றார்.

அம்மா அமீனா பீ மகளின் முகத்தைப் பார்த்தாள்.

வெளியே சந்தூக்கு உயர்ந்தது. அது அவ்வளவு உயரம் போகும் என்று வஜீஹா நினைத்திருக்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே, எதிர்வீட்டு ஜன்னல்களின் மட்டத்தில் நகர்ந்தது. கேட்டருகே ஒரு தோள் மாறியது. தனபாலன் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சந்தூக்கின் கீழே நுழைந்தான். கரீமுல்லா நகர்ந்து இடம் கொடுத்தான்.

தூக்கிச் சென்றவர்கள் ஓதிய கலிமா தெருமுனையில் திரும்பி அடங்கியது. வீட்டில் இருபது பெண்கள் இருந்தார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த கடல் கேட்டது.