மஞ்சப்பையில் அச்சடித்த பேர்

அருஞ்சுனை வீட்டில் வேறு பை இல்லை. திருச்சுழியைச் சுற்றிப் பத்து ஊருக்கு மஞ்சப்பை கொடுக்கிற ஜவுளிக்கடைக்காரன் வீட்டில் வேறு பை எப்படி இருக்கும்? கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், வக்கீல் எழுதிக்கொடுத்த காகிதங்களை ஒரு மஞ்சப்பைக்குள் திணித்துக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டான். பாதி வழியில்தான் மடியில் கிடந்த பையைக் கவனித்தான். 'கஸ்தூரி ஜவுளி ஸ்டோர், திருச்சுழி.' அதற்குக் கீழே, 'உரிமையாளர்: பொ. அருஞ்சுனை.'

பகீரென்றது. பைக்குள் இருந்த காகிதத்தில், அந்தக் கடை தன்னுடையதே இல்லை என்றல்லவா கையெழுத்துப் போட்டிருந்தான்!

சங்கதி இதுதான். அவன் பெண்டாட்டி கஸ்தூரி ரெண்டு வருசத்துக்கு முன்னால், எழுபதில், கைப்பிள்ளையோடு பாலவனத்தத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கடையில் கூட்டம் சேரச் சேர நம்ம ஆளுக்கு வாயும் நீண்டது, அவளை அடிக்கக் கையும் நீண்டது. அதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள், பிரித்துவிடுங்கள் என்று கோர்ட்டுக்குப் போனவனும் அவன்தான். வழக்கு முடிகிற வரைக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் மாதம் நாற்பது ரூபாய் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று அவள் வக்கீல் மனுப் போட்டார். பருத்திக் காசு புரளுகிற மாசி மாதத்தில் அதை ஒரு மத்தியான வியாபாரத்திலேயே எடுத்துவிடலாம். கொடுக்க மனசு வரவேண்டுமே!

"கடை ஒங்க மச்சானுதுன்னு சொல்லீருவோம். நீங்க அதுல சம்பள ஆளு. கோர்ட்டு என்ன செய்யும்?" என்றார் இவன் வக்கீல். அக்கா புருஷன் வெள்ளத்துரையும் சரியென்று தலையாட்டினார். இத்தனைக்கும் அந்தக் கடைக்குப் போட்ட முதல், கஸ்தூரியின் கழுத்துச் சங்கிலியை விற்ற காசு. அந்த நன்றிக்குத்தான் அவள் பேரை வைத்தான்.

எழுத்து வெளியே தெரியாதபடி பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதே பெஞ்சின் அந்தக் கோடியில் கஸ்தூரி. பக்கத்தில் மூன்று வயசு மாரிக்கனி நின்றது. யாரோ ஒரு ஆள் என்பதாக அது இவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பெத்த பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை.

டவாலி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். காகிதமெல்லாம் அதற்குள் வக்கீல் கைக்குப் போயிருந்தது. பதறி எழுந்தவன் வெறும் பையைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டுக் கூண்டில் ஏறினான். சத்தியம் வாங்கினார்கள். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பை மல்லாந்து கிடக்கிறது. எழுத்தெல்லாம் மேலே.

"கடை யாருது?" என்று கேட்டார் ஜட்ஜ்.

கஸ்தூரி பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். முதல் வரியில் அவள் பேர். உதடு மெல்ல அசைந்து, இரண்டாம் வரியில் நின்றுவிட்டது. அவள் வக்கீல் எட்டித் தொடுகிற தூரத்தில் நின்றார். அவள் கை பைக்கு நேராக நீண்டது. தொலைந்தோம் என்று நினைத்தான் அருஞ்சுனை.

நீண்ட கை பிள்ளைப் பக்கம் திரும்பியது. கஸ்தூரி மாரிக்கனியைத் தூக்கி, பையின் மேலேயே உட்காரவைத்தாள். பிறகு நிமிர்ந்து இவனைப் பார்த்தாள்.

"காதுல விழுதா? கடை யாருதுன்னு கேட்டேன்" என்றார் ஜட்ஜ்.

"மச்சான் வெள்ளத்துரையோடதுங்க."

"உமக்குச் சம்பளம்?"

"அறுபது ரூபாய்ங்க."

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், மனுசன். சொல்லவில்லை. மனப்பாடம் பண்ணியது அப்படியே வந்தது. மாதம் பதினைந்து ரூபாய் போதும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். "செயிச்சிட்டோம்யா!" என்று வக்கீல் தோளில் தட்டியபோது அருஞ்சுனைக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவளை எட்டிப் பிடித்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பையை நீட்டினாள், நாலாக மடித்து.

"இத மறந்துட்டு வந்துட்டீகளே."

"ஏன் கஸ்தூரி நீ காட்டல?"

"காட்டத்தான் கைய நீட்டுனேன். கோர்ட்டுல பொய்ச் சத்தியம் பண்ணுன மனுசன்னு ஊரே காறித் துப்பும். துப்பட்டும்னுதான் இருந்துச்சு. ஆனா நாளைக்கு இவளப் பள்ளிக்கூடத்துல சேக்கையில, பேருக்கு முன்னால ஒரு எழுத்துப் போடணும்ல? அது ஒங்க எழுத்து. அதுல எச்சி விழுந்தா பிள்ளை மேலயும்ல தெறிக்கும்?"

அருஞ்சுனை சட்டைப் பைக்குள் கையை விட்டான். நாலு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினான்.

"நாப்பது இருக்கு. மாசாமாசம் நானே கொண்டாந்து தாரேன். கோர்ட்டு கெடக்கட்டும்."

கஸ்தூரி தாள்களைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பணம் வேண்டும்தான்; அவள் கட்டியிருந்த சேலையே அதைச் சொன்னது. ரெண்டு தாளை மட்டும் உருவிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ஐந்து ரூபாயை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"கோர்ட்டு சொன்னது பதினஞ்சு. அறுவது ரூவா சம்பளத்துல நாப்பதத் தூக்கிக் குடுத்துட்டு, மாசம் பூரா நீங்க என்னத்தத் திம்பீக?"

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் முகத்தில் கேலியே இல்லை. பாலவனத்தம் வழியாகப் போகிற பஸ் வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து திருச்சுழி பஸ் வந்து நின்றது. தீபாவளிக்குத் தீபாவளி இவன் கடையில் துணி எடுக்கிற கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"முதலாளி! வாங்க முதலாளி, முன்னால சீட்டு இருக்கு!"

வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல, பையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான் அருஞ்சுனை.