மூன்று ரொட்டிகள்

எல்ஸ்பெத் கல்லறைக் கல்லுக்கு மாவு பூசிக்கொண்டிருந்தாள். கேக்குக்குச் சலிக்கும் நயம் மாவு. கையில் கிண்ணம், முட்டிக்குக் கீழே மடித்துப் போட்ட சாக்கு. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த நிலைக்கண்ணாடியை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். வீட்டு அலமாரிக் கதவிலிருந்து கழற்றிவந்தது என்பதால் மெதுவாகப் புல்லில் சாய்த்து வைத்தேன்.

“மாவு பூசினா பாசி பிடிச்சுக் கல்லு உதிர்ந்துடும்னு உனக்கு எத்தனை தடவ சொல்றது?”

“முந்நூறு வருஷம் மழையில நின்ன கல்லு ஒரு கை மாவுல செத்துடுமா? மாவு பூசினதும் தேஞ்சு போன செதுக்கலு எப்படித் தெரியுதுன்னு வந்து பாரு ரோனா. இது ரொட்டிய அடுப்புக்குள்ள தள்ற துடுப்பு. இது மூணும் ரொட்டி. சின்னப் புள்ளகூடச் சொல்லும்.”

எங்கள் ஊர்ப் பழைய கல்லறைத் தோட்டத்தில் கற்களைப் படித்துச் சொல்வது என் வேலை. சம்பளம் கிடையாது, பொல்லாப்பு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத காலத்து ஜனங்கள் செய்த தொழிலைக் கல்லில் செதுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். கத்தரிக்கோல் இருந்தால் தையல்காரர், கிரீடம் வைத்த சுத்தியல் இருந்தால் கொல்லர். அந்தக் கிரீடத்தை நம்பித் தாங்கள் ராஜ வம்சம் என்று சொல்லித் திரிந்த ஒரு குடும்பம், நான் விஷயத்தைப் போட்டு உடைத்ததிலிருந்து என்னைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறது. தொழிலோடு சேர்த்து, எல்லாருக்கும் பொதுவான சாவுச் சின்னங்களும் கல்லில் இருக்கும். மண்டை ஓடு, எலும்பு, மணற்கடிகாரம், குழி தோண்டும் மண்வாரி. மழையில் தேய்ந்த பிறகு எது தொழில், எது சாவு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி. ஒரு நல்ல கல் கிடைத்தால் மத்தியானச் சாப்பாடுகூட மறந்துபோகும்.

ஆனால் இந்தக் கல் ருசிக்காகப் பார்க்கிற கல் இல்லை. எல்ஸ்பெத்தின் கணவர் டூகல் பட்டுல்லோவுக்கு நுரையீரல் போய்விட்டது. வசந்தம் வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய தோட்டத்தில் இப்போது யாரையும் புதைப்பதில்லை. புதியது பைபாஸுக்கு அந்தப் பக்கம், கால்பந்து மைதானத்தை ஒட்டி இருக்கிறது. பரம்பரையாகக் குழி உரிமை உண்டு என்று நிரூபிக்கிற குடும்பத்துக்கு மட்டும் பழைய இடத்தில் அனுமதி. பட்டுல்லோக்கள் தலைமுறை தலைமுறையாக ரொட்டிக்கடைக்காரர்கள். மதிலுக்கு அந்தப் பக்கம்தான் கடை, கடைக்கு மேலே வீடு. இந்தக் கல்லிலோ டி, பி என்று இரண்டு எழுத்துகள், நீளக் கைப்பிடி வைத்த ஏதோ ஒன்று, மூன்று வட்டங்கள். ரொட்டிக்காரனின் கல் என்று நான் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தால் டூகலுக்கு இங்கே இடம் கிடைக்கும்.

“பாத்திரம் கழுவிட்டு நிமிர்ந்தா அவரு ஜன்னல்ல தெரியணும். வேற ஒண்ணும் கேக்கல ரோனா” என்று போன வாரம் சொன்னாள். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

டூகலும் வந்திருந்தார். மடக்கு நாற்காலியில் கனத்த கோட்டுக்குள் உட்கார்ந்து, காகிதப் பையிலிருந்த பிரைடியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தார். மாட்டிறைச்சி வைத்து மடித்துச் சுட்டது, அவர் கடைச் சரக்குதான். இப்போது மகள் சுடுகிறாள், மிளகு போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தின்றார்.

நான் தண்ணீர் ஊற்றி மெல்லிய பிரஷ்ஷால் மாவைக் கழுவினேன். அக்டோபர் வெயில் சாய்வாக இருந்தது. எல்ஸ்பெத்தைக் கண்ணாடியோடு கல்லுக்கு வலப்பக்கம் நிறுத்தி, வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிப் போகும்படி பிடிக்கச் சொன்னேன். போனில் படம் எடுத்துப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். மூன்று வட்டமும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி உப்பி நின்றன. எல்ஸ்பெத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அனுப்பு, இப்பவே அனுப்பு” என்றாள்.

அதோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் எந்தக் கல்லையும் இரண்டு பக்க வெளிச்சத்திலும் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கண்ணாடியை இடப்பக்கம் கொண்டுபோகச் சொல்லி இன்னொரு படம் எடுத்தேன். மேடாகத் தெரிந்த ரொட்டிகள் இப்போது குழிகளாக உள்ளே போய்விட்டன. இரண்டு குழி பக்கத்தில் பக்கத்தில், மூன்றாவது அவற்றுக்கு நடுவே கொஞ்சம் கீழே. அதற்கும் கீழே, புல் தொடுகிற இடத்தில், சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருந்தன. நான் ஒரு வட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். நக அளவுக்கு உள்ளே போனது. மண்டை ஓடு. துடுப்பு என்று நினைத்தது மண்வாரி. எந்தத் தொழில்காரன் கல்லிலும் இருக்கக்கூடியது.

போனை நீட்டினேன். டூகல் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார்.

“அவன் பாட்டுக்குப் பல்லக் காட்டிட்டு நிக்கிறான். நீ அவனுக்குப் பவுடர் பூசி விட்டிருக்க எல்ஸி!”

எல்ஸ்பெத் சிரிக்கவில்லை. “முதல் படத்த அனுப்பு” என்றாள் என்னிடம்.

“எல்ஸ்பெத்...”

“அது பொய்யா? நான் புடிச்ச வெளிச்சம்தானே, நீ எடுத்த படம்தானே?”

“கையை வச்சுப் பாருடி” என்றார் டூகல். அவள் இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு கல்லைப் பற்றியும் நான் பொய் எழுதியதில்லை. அன்றைக்கு எழுத ஆசையாக இருந்தது. முதல் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அருமையான ரொட்டிகள். ஊரில் யாரும் வந்து விரலை வைத்துச் சோதிக்கப் போவதில்லை.

“உங்க பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்குங்க” என்று டூகல் நாற்காலியின் கையைப் பிடித்து இறங்க ஆரம்பித்தார். “படுத்துப் பாக்காம எவனாச்சும் மெத்தை வாங்குவானா? எல்ஸி, நீ மேல போயி ஜன்னல்ல பாரு.”

“கிறுக்கு மனுஷா, புல்லு ஈரம். எந்திரி!”

“போடி, போயிப் பாரு. எனக்கும் தெரிஞ்சுக்கணும்ல.”

திட்டிக்கொண்டேதான் போனாள். கடைக்கதவு மணி கேட்டது. டூகல் கல்லுக்கு முன்னால் மல்லாந்து படுத்து, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். மேலே ஜன்னல் திறந்தது. அவள் வெளியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

“தெரியலையே!” என்று கத்தினாள். “கல்லோட தலைதான் தெரியுது. மதிலு மறைக்குது!”

டூகல் தலையைத் தூக்கி மதிலைப் பார்த்தார்.

“கையத் தூக்கு மனுஷா!”

அவர் வலது கையை நேராக மேலே தூக்கினார்.

“ஆங், இப்பத் தெரியுது!”

அவள் ஜன்னலை விட்டுப் போகவில்லை. அவரும் கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது நடுங்க ஆரம்பித்தது. நான் ஈரப் புல்லில் மண்டியிட்டு, அவர் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.