ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்யாண கவுன்

வரி என்றாலே வெண்டலுக்கு வயிறு எரியும். அவர் குடியிருக்கும் அமெரிக்க வான்கூவரில் கையில் பிடிக்க முடியாத பாட்டை டவுன்லோடு செய்தாலும் வாஷிங்டன் மாநிலம் வரி போட்டுவிடும். பாலத்தைத் தாண்டினால் ஓரிகன், அங்கே விற்பனை வரியே கிடையாது. அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்தாலும் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை எந்தப் புண்ணியவான் கட்டுகிறான்!

மகள் கெல்சியின் கல்யாண கவுனை ஆன்லைனில் வாங்கியபோதும் அக்கரை முகவரியைத்தான் கொடுத்தார். அங்கே பார்சலை வாங்கி வைக்கும் கடைக்காரன் வாடகை கேட்பான் என்று, மனைவி மார்லாவின் அக்கா ட்ரூடியின் வீட்டு முகவரி. அம்மாவின் சாவு வீட்டில் சாலட் கிண்ணத்துக்காகச் சண்டை போட்டதிலிருந்து அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. கல்யாணத்துக்கும் அழைப்பில்லை. ட்ரூடி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பெட்டியை வாசலிலிருந்து தூக்கிவிடலாம் என்பது இவர் கணக்கு.

போய்ப் பார்த்தால் வாசலில் பெட்டி இல்லை. ட்ரூடிதான் நின்றாள்.

"வா வெண்டல். கவுன் ரொம்ப அழகா இருக்கு."

"பிரிச்சுட்டீங்களா?"

"என் வீட்டுக்கு வந்த பெட்டி, பிரிக்க மாட்டேனா? கெல்சிக்குக் கல்யாணமாம், ஊரே பேசுது. எனக்குத்தான் தெரியாது."

"நாளன்னைக்குக் கல்யாணம். குடுத்துடுங்க ட்ரூடி. வேணும்னா அந்த வரிப் பணத்தை உங்களுக்கே குடுத்துடறேன்."

"உன் காசு யாருக்கு வேணும்? என் தங்கச்சி என்னைக் கூப்பிடணும். அப்பத்தான் கவுன்."

வேறு வழியில்லாமல் வெண்டல் மனைவிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"வரிக்காக அவ வீட்டுக்கா அனுப்பினீங்க? உங்களுக்கு வெக்கமே கிடையாதா?" என்றாள் மார்லா.

"மார்லா, எனக்கு அந்தக் கிண்ணம் வேணாம்டீ. புள்ளைய கவுனோட பாத்தா போதும்," என்று ட்ரூடி அழுதுவிட்டாள்.

அந்தப் பக்கமும் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. "நானே கூப்பிட்டிருக்கணும்க்கா. புள்ளைங்க, மருமகளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வா."

வெண்டலுக்கும் கண் கலங்கியது. ஆனால் எல்லாரும் என்றால் எத்தனை சாப்பாடு! அதுவும் வான்கூவர் ஹோட்டலில், ஒவ்வொரு தட்டுக்கும் வரியோடு. அடக்கத்தான் பார்த்தார், வாய் கேட்கவில்லை.

"நான் என்ன சொல்றேன்னா, விருந்தை ட்ரூடி வீட்டுத் தோட்டத்துலயே வெச்சுட்டா, வரியே..."

"வாயை மூடுங்க!" என்றது போன்.

"வாயை மூடு!" என்றாள் ட்ரூடி, அதே நொடியில்.

அக்காவும் தங்கையும் ஒரே பேச்சாகப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வெண்டல் வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.