பேந்து

அந்தப் பொம்பளை பேரு இல்லாட்டி என்ன, குடியா முழுகிப் போயிரும்?

வசந்தாமணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பேனாவை மட்டும் கையில் எடுத்தாள். முன்னால் தட்டச்சு செய்த ஒரு காகிதம்.

‘இந்த ஓபராவின் இசையும் சொற்களும் காலஞ்சென்ற என் கணவர் கிட்டுசாமி ஒருவரே ஆக்கியவை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.’ கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு.

டல்லாஸை அடுத்த ஃபிரிஸ்கோ வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு எதிரே தமிழ்ச் சங்கத் தலைவர் நெடுஞ்செழியன் உட்கார்ந்திருந்தார். வசந்தாமணியின் பக்கத்தில் அவள் மகள் வெண்பா, ஒரு கண் கடிகாரத்தில்.

“அஞ்சு மணிக்குள்ள ஸ்கேன் பண்ணி அனுப்பணும் ஆன்ட்டி. டல்லாஸ்ல இவ்ளோ பெரிய ஸ்டேஜ்ல அங்கிளோட ஓபரா. ஃபேமிலி சைன் இல்லன்னா டிராப் பண்ணிடுவாங்க. அந்த ஞானமணி மேடம் ஒரே ஒரு லெட்டர் போட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க” என்றார் நெடுஞ்செழியன்.

ஞானமணி பக்கத்து ஊர் ஆலனில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். மூன்றாம் அங்கத்தின் ஒப்பாரி தன்னுடையது என்று எழுதியிருந்தாள். ஆறு வருடம் ஞாயிறுதோறும் இந்த வீட்டுக்கு வந்தவள். பியானோ அறைக் கதவு சாத்தியிருக்கும். வசந்தாமணி காபியோடு கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பாள், தன் சொந்த வீட்டில். கிட்டுசாமி நான்கு ஓபரா எழுதினார். எப்படி இருக்கிறது என்று மனைவியிடம் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே ஞானமணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கையெழுத்துப் போட்டால் அந்த மதியங்கள் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். கதவுக்கு வெளியே நின்றதும்கூட.

“மாம், ஜஸ்ட் சைன் இட். இட்ஸ் அப்பாஸ் லெகசி” என்றாள் வெண்பா.

“பாட்டு புக்கும் ரெடி ஆன்ட்டி. அந்த ஒப்பாரில ஒரே ஒரு டைப்பிங் மிஸ்டேக். பையனைப் படகுல ஏத்திவிட்டு அந்த அம்மா, ‘நீ போ, பேந்து வாறன்’னு பாடுது. பேந்துன்னு ஒரு வார்த்தையே இல்லையே. ‘பிறகு’ன்னு நானே கரெக்ட் பண்ணிட்டேன்.”

பேனா கோட்டுக்கு மேலேயே நின்றது.

அந்தச் சொல்லுக்கு அவளும் ஒருநாள் கணவரிடம் அர்த்தம் கேட்டிருக்கிறாள். கோபிச்செட்டிபாளையத்துக்காரர் வாயில் வருகிற சொல்லா அது?

“அப்பறம்னு அர்த்தம். ஞானமணியோட அம்மா படகடியில சொன்னதாம். மெட்டும் அந்தப் புள்ளையோடதுதான்.”

“அப்ப அவங்க பேரைப் போடலீங்களா?”

“பேந்து போட்டுக்கலாம்” என்று சிரித்தார் கிட்டுசாமி.

அன்றிலிருந்து அது வீட்டு வேடிக்கையாகிவிட்டது. குழாய் ஒழுகினால் பேந்து. நெஞ்சு வலிக்கு டாக்டரிடம் போவது பேந்து.

‘பிறகு வாறன்’ என்று மனதுக்குள் பாடிப் பார்த்தாள். ‘பே’ எட்டு எண்ணிக்கைக்கு நீண்டு, கரையை விட மனமில்லாமல் இறங்கும். ‘பி’யில் கால் வைக்கவே இடமில்லை.

“தம்பி, அது மிஸ்டேக் இல்லீங்க.”

“அப்படியா? சரி ஆன்ட்டி, பழையபடி மாத்திடலாம். நீங்க சைன் மட்டும் பண்ணுங்க.”

“மா, ஃபோர் ஃபிஃப்டி” என்றாள் வெண்பா.

ஞானமணியை அவளுக்கு இப்போதும் பிடிக்கவில்லை. இனிமேல் பிடிக்கும் என்றும் தோன்றவில்லை. ‘அப்பறம் போடறேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். அது கிட்டுசாமியின் வழக்கம்.

பேனாவை மூடினாள். காகிதத்தை நெடுஞ்செழியன் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

“இல்லீங்க தம்பி. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க.”