மூன்றடி தள்ளி

மதுரை கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் முகப்பில் ரங்கநாயகிக்கு ஒரு மேஜையும் ஒரு தமிழ் டைப்ரைட்டரும் இருந்தன. பத்தொன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து மனு அடிக்கிறாள். பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையைத் திருப்பிவிட்டது என்று ஊர்க் குறையெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் உள்ளே போகும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை தங்கப்பொண்ணு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மாமனார் காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி. இப்போது அவளும் கணவன் கண்ணுச்சாமியும் சொந்தமாக ஒன்றரை ஏக்கரில் காய்கறி போடுகிறார்கள். சைக்கிளில் மூட்டை கட்டி டவுனுக்கு வந்துகொண்டிருந்த கண்ணுச்சாமியை ஒரு வேன் உரசிக்கொண்டு போனதில், விழுந்து கால் முறிந்து வீட்டில் கிடந்தான்.

"நஷ்ட ஈட்டு மனுவா?" என்று கேட்டுக்கொண்டே ரங்கநாயகி தாளைச் சொருகினாள்.

"அதுக்கு வக்கீலு பாத்தாச்சுக்கா. எனக்கு வேற மனு வேணும். சட்டம் போடச் சொல்லி."

"என்ன சட்டம்?"

"சைக்கிள்ல போறவுகளத் தாண்டுறப்ப எம்புட்டுத் தள்ளிப் போகணும்னு ஒரு சட்டம். ஸ்டேஷன்ல, 'வேன் இடிக்கலையே, பக்கத்துலதான போச்சு, உம் புருசன் ஏன் ஆடுனான்'னு கேட்டாக. சரிய்யா, எம்புட்டுத் தள்ளிப் போயிருக்கணும்னு நான் கேட்டேன். அங்க இருந்த ஒருத்தருக்கும் தெரியல."

ரங்கநாயகியின் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் தனக்கு இது வேண்டும், தன் பிள்ளைக்கு அது வேண்டும் என்று வந்தவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர்களுக்கும் சேர்த்து ஒரு சட்டம் கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

ரங்கநாயகிக்கும் ரோட்டோடு ஒரு வழக்கு இருந்தது. மகால் பக்கத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி, தினமும் கோரிப்பாளையத்தில் இறங்கி, அந்தச் சந்திப்பை நடந்தே கடக்க வேண்டும். நாலு பக்கமும் வண்டி. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்ற நாளெல்லாம் உண்டு. ஒருமுறை செருப்பை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடி, அந்தச் செருப்பின் மேல் மூன்று பஸ் ஏறியதை அக்கரையில் நின்று பார்த்தாள்.

"நாளைக்கு வா. நான் விசாரிச்சு வைக்கிறேன்" என்றாள்.

அவளிடம் வழக்கமாக டைப் அடிக்க வரும் வக்கீல் வீரணன் விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். "மோட்டார் வாகனச் சட்டம் டெல்லியில போட்டதுக்கா. ஆனா விதி போட மாநிலத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கு. அடுத்த மாசம் சட்டமன்ற மனுக்கள் குழு மதுரைக்கு வருது. அங்க குடுத்துப் பாருங்க."

சாலை விதிகள் அடங்கிய ஒரு புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் ரங்கநாயகி அதைப் புரட்டினாள். போக்குவரத்துப் போலீஸ் இல்லாத இடத்தில், வெள்ளைக் கோட்டில் நடந்து கடப்பவருக்குத்தான் முதல் வழி என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. தயிர்சாதக் கையோடு அந்த வரியை மறுபடி படித்தாள். இத்தனை நாளும் தனக்கு உரிமை இருந்திருக்கிறது, தனக்கும் தெரியாது, பஸ்காரனுக்கும் தெரியாது! சைக்கிளைத் தாண்டுகிற விஷயத்திலோ அடிக்கணக்கு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

மறுநாள் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு கை தள்ளின்னு போடுங்கக்கா."

"கை ஆளுக்கு ஆள் மாறும். அடிக்கணக்குல சொல்லணும். எத்தனை அடி?"

தங்கப்பொண்ணு விழித்தாள். ரங்கநாயகிக்கும் தெரியவில்லை. தெரியாததை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் கணவன் சௌரிராஜன் சுங்குடிச் சேலைக் கடையில் விற்பனையாளர். அவரிடமிருந்து அளவு நாடாவை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அலங்காநல்லூர் பஸ் ஏறினாள்.

தங்கப்பொண்ணின் தம்பி சிவபாண்டி இரண்டு மூட்டை கட்டிய சைக்கிளோடு நின்றிருந்தான். கண்ணுச்சாமி கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தான். யோசனை தங்கப்பொண்ணுடையது. தாரின் ஓரத்தில் புழுதி கனமாகக் கிடந்தது. அதில் சைக்கிளை ஓட்டவிட்டு, பஸ் தாண்டும்போது டயர்த் தடம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்துவிடலாம் என்றாள்.

முதல் பஸ் தாண்டியதும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். தடம் முதலில் வெளிப்பக்கம் வளைந்து, அப்புறம் ரோட்டுப் பக்கமாகவே உள்ளே வந்திருந்தது.

"பஸ்ஸு தள்ளிவிடும்னுல்ல நெனச்சேன்" என்றாள் ரங்கநாயகி. "இழுக்குதே!"

"அதத்தான் நான் விசாரிக்க வந்த போலீசுகிட்ட கரடியாக் கத்துனேன்" என்றான் கண்ணுச்சாமி. அவன் முகத்தில் அன்று முதல்முறையாகத் தெளிச்சி வந்தது.

ஏழு பஸ்ஸுக்கு அளந்தார்கள். தடம் ஒன்றரை அடிவரை விலகியது. பாதிக் கைப்பிடியும் மூட்டையுமாக இன்னும் ஒன்றரை அடி. எப்படிக் கூட்டினாலும் மூன்றடிக்குக் குறைத்துச் சொல்ல வழியில்லை. எட்டாவது பஸ்ஸின் டிரைவர், நாடாவைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார்.

"என்னம்மா, ஹைவேசா? ரோட்ட அகலப்படுத்தப் போறாகளா?"

"இல்லண்ணே" என்றாள் தங்கப்பொண்ணு. "ஒங்களக் கொஞ்சம் அகலமாப் போகச் சொல்லப் போறோம்."

டிரைவர் சிரித்துக்கொண்டே பஸ்ஸை எடுத்தார். போகும்போது சிவபாண்டியை விட்டு நன்றாகவே ஒதுங்கிப் போனார்.

வாக்கியம் அமைய மூன்று நாள் ஆனது. ரங்கநாயகி அடிப்பாள், வாசித்துக் காட்டுவாள், தங்கப்பொண்ணு உதட்டைப் பிதுக்குவாள். "எடம் இல்லேன்னா என்ன செய்யணும்னு அதுல இல்லையேக்கா. எடம் கெடைக்கிற வரைக்கும் பின்னாலயே வரட்டும். மாட்டுவண்டி போனா நாங்க பின்னால போகலையா?" கடைசியில் இப்படி வந்தது:

'மிதிவண்டியையோ நடந்து செல்பவரையோ கடக்கும் எந்த மோட்டார் வாகனமும் மூன்றடிக்குக் குறையாமல் தள்ளியே கடக்க வேண்டும். அதற்கு இடமில்லாதபோது, இடம் கிடைக்கும்வரை பின்னால் வர வேண்டும்.'

கீழே இரண்டாவது கோரிக்கையாக, வெள்ளைக் கோட்டில் நடப்பவர்களுக்கு ஏற்கெனவே உள்ள உரிமையை ஒவ்வொரு ஊரிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று ரங்கநாயகி தன் பங்குக்குச் சேர்த்தாள். கிராமத்தில் தங்கப்பொண்ணு கையெழுத்து வாங்கினாள். கோரிப்பாளையத்தில் தர்கா பக்கத்துக் கடைக்காரர்கள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பேனாவை எடுத்தார்கள். தினமும் அந்தச் சந்திப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தானே.

குழு வந்த அன்று கூட்ட அரங்கில் நூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். இவர்கள் முறை மதியத்துக்குள் வந்தது. ஐந்து நிமிஷம்தான். உறுப்பினர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ரோடே இருபதடி. ஆளாளுக்கு மூணடி விட்டா பஸ்ஸு எப்படிப் போகும்?"

 தங்கப்பொண்ணு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஐயா, எதுத்தாப்புல இன்னொரு பஸ்ஸு வந்தா உரசிக்கிட்டா போறாக? நின்னு, ஒதுங்கி, வழிவிட்டுத்தான போறாக? அந்த மருவாதைய எங்களுக்கும் குடுங்கன்னுதான் கேக்குறோம்."

கேட்டவரே சிரித்துவிட்டார். தலைவர் அந்த வாக்கியத்தை வாய்விட்டு வாசித்தார். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக. "சுத்தமா இருக்கே. இத எழுதுன வக்கீல் யாரு?"

"வக்கீல் இல்லைங்கய்யா, இந்த அக்காதான்" என்று தங்கப்பொண்ணு கையைக் காட்டினாள்.

"ரெண்டு பேரும்" என்று திருத்தினாள் ரங்கநாயகி.  வெளியே வந்ததும் இருவரும் வேப்பமரத்தடி வண்டியில் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் குடித்தார்கள். பசி அப்போதுதான் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்து வீரணன் குழுவின் அறிக்கையைக் கொண்டுவந்து, விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். அவர்களுடைய வாக்கியம் அச்சில் இருந்தது. 'தள்ளியே' என்பதை மட்டும் 'இடைவெளி விட்டு' என்று மாற்றியிருந்தார்கள். அரசு இதைப் பரிசீலிக்கலாம் என்று குழு பரிந்துரைத்திருந்தது. ரங்கநாயகி ஜெராக்ஸ் கடையில் நாலு பிரதி எடுத்து, தங்கப்பொண்ணுக்கு ஒன்றை ஊருக்குப் போகும் பஸ் கண்டக்டரிடமே கொடுத்தனுப்பினாள்.

சட்டம் அந்த வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. ஆனால் குழு வந்துபோன சில மாதத்திலேயே, அலங்காநல்லூர் ரோட்டில் ஓடும் பஸ் டிரைவர்களுக்குக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. கோரிப்பாளையத்தில் வெள்ளைக் கோடு புதிதாகப் போட்டு, காலை வேளையில் ஒரு போலீஸ்காரரையும் நிறுத்தினார்கள். கண்ணுச்சாமி பொங்கல் கழிந்து சைக்கிள் எடுத்தான். முதல் நாள் தங்கப்பொண்ணு அவன் பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் டவுன்வரை வந்தாள். "முக்காவாசிப் பேரு ஒதுங்கித்தாங்கா போறாக" என்று வந்து சொன்னாள். "மிச்சக் காவாசிக்குத்தான் சட்டம் வேணும்."

வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மனுவை மறுபடி அடித்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இரண்டாயிரத்து ஒன்றில் டி. கல்லுப்பட்டியிலிருந்துகூடக் கையெழுத்துகள் வந்தன. அவற்றை ரங்கநாயகி ஒரு விடுமுறை நாளில் வீட்டில் பரப்பி வைத்து ஊர்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது சௌரிராஜன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பத்தான் வரும் உங்க சட்டம்?"

"வரும்போது வரட்டும்" என்றாள் அவள். "வாக்கியம் தயாரா இருக்கு."

அவர் கையெழுத்துத் தாள்கட்டு ஒன்றை எடுத்து, ஓரம் தட்டி, கட்டுவதற்கு நூல் தேடப் போனார்.