அக்கா கட்டிவிட்ட பதக்கம்

பொன்னம்பலவாணேசர் கோயில் கற்றூண்களுக்கு நடுவே கும்பிட்டுவிட்டு, நெற்றித் திருநீறோடேயே கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்துவது பத்மாவதிக்குச் செவ்வாய்க்கிழமை வழக்கம். அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பொலிஸ் மட்டும்தான் பார்த்தது.

தம்பி சிவானந்தன் வெளிநாடு போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவளுடைய அறையில் காத்திருந்தான். கழுத்தில் குருசு போட்ட பெடியன்களைச் சண்டைக்காலச் சோதனைச் சாவடிகளில் கெதியாய் விட்டுவிடுகிறார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அதனால், பயண அலுவலாக அவன் வெளியே புறப்பட்ட அன்று காலை, நெற்றியைத் தன் கையாலேயே துடைத்து, அந்தோனியார் பதக்கமொன்றைக் கறுப்பு நூலில் கோத்துக் கட்டிவிட்டாள்.

“முருகன் கோவிக்கப் போறார், அக்கா.”

“முருகனோட நான் கதைக்கிறன். நீ போ.”

ஜிந்துப்பிட்டிப் பக்கம் மறித்தார்கள். அடையாள அட்டையில் சிவானந்தன், கழுத்தில் அந்தோனியார். அப்படியென்றால் செபம் சொல்லு என்றார்களாம். அவனுக்கு ஒரு வரியும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அக்காவின் செருப்புக்குக் காவலாக வாசலிலேயே நின்றவன் அவன். வேஷம் போட்டவன் என்று ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். மரக்கறி வாங்கப் போன கீழ்வீட்டு முஸ்லிம் பெண் றலியா, அதைக் கண்ணால் கண்டு ஓடிவந்து சொன்னாள்.

பொழுதுபட முன் வெளியே எடுக்காவிட்டால் தெற்கே தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு எங்கே தேடுவது, யாரைக் கேட்பது?

பத்மாவதி முதலில் கோயிலுக்கு ஓடினாள். இந்தக் குடும்பத்தைத் தெரியும், நல்ல சைவ ஆட்கள் என்று ஐயர் கேட்டவுடனேயே எழுதிக் கொடுத்தார். கடதாசியை வாங்கிப் பார்த்த றலியா உதட்டைப் பிதுக்கினாள்.

“இதக் காட்ட வாணாம் புள்ள. சைவமெண்டு ஐயரே சொன்னா, பொறகு ஏன் அந்தோனியாரத் தொங்கவிட்டான் எண்டுதானே கேப்பானுகள்?”

அது சரியாகத்தான் பட்டது. அந்தோனியார் கோயில் அலுவலக வாசலுக்கும் போனாள். ஞானஸ்நானம் பெறாதவள் எதைச் சொல்லி அத்தாட்சி கேட்பது? கேட்காமலே திரும்பினாள். தான் கட்டிய நூல்தானே அவனை மாட்டிவிட்டது.

பொலிஸ் நிலையத்துக்கு றலியாவும் கூடவே வந்தாள். வவுனியாவில் வேலை செய்து தமிழ் பழகிய இன்ஸ்பெக்டர் ஒருவர் மேசையில் இருந்தார். தாங்கள் இரண்டு இடத்துக்கும் போகிறவர்கள், அதில் கள்ளமில்லை என்று பத்மாவதி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“சாமி ரெண்டு. அப்ப பேரும் ரெண்டு இருக்குமே, வீட்டுல ஒண்டு, இயக்கத்துல ஒண்டு?” என்று அவர் சிரித்தார்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கைகளைக் கூப்பினாள். செவ்வாய்தோறும் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்த சிங்கள நவநாள் செபத்தை, பாதிக்கு அர்த்தம் தெரியாமலே, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். கதவடியில் நின்ற கொன்ஸ்தாபிள் தொப்பியைக் கழற்றினான். அவனுடைய உதடுகளும் அசைந்தன. தம்பியை விட்டுவிடுவார்கள் என்று அந்தக் கணத்தில் அவள் நம்பினாள்.

இன்ஸ்பெக்டர் முடியும்வரை கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

“பதக்கம் கட்டினது யார்?”

“நான்தான், சேர். காவலுக்கு.”

“அக்காவுக்குச் செபம் தெரியும். தம்பிக்குத் தெரியாது. வேஷம் கட்டிவிட்ட ஆளைத் தேடி நாங்க இனி அலையத் தேவையில்ல.” கையை நீட்டினார். “ஐடென்டிட்டி.”

றலியா சிங்களத்தில் மன்றாடினாள். நான் கீழ்வீடு, இவளைத் தெரியும், நானும்கூட செவ்வாய்க்கிழமை போகிறவள்தான் என்று தன் வீட்டுக்குத் தெரியாததையும் சேர்த்துச் சொன்னாள். நோனா, நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று கொன்ஸ்தாபிள் தாழ்ந்த குரலில் சொல்லி, அவளைப் படிவரை கூட்டிப்போய் விட்டான்.

பத்மாவதியைப் பின்பக்க நடைக்கு அனுப்பினார்கள். சிவானந்தன் சுவரோடு குந்தியிருந்தான். கழுத்தில் ஒன்றும் இல்லை. தன்னை மீட்க வந்துவிட்டாள் என்று நினைத்து எழும்பப் பார்த்தவன், பின்னால் வந்த பொலிஸ்காரனின் கையில் அவளுடைய அட்டையைக் கண்டதும் அப்படியே இருந்துவிட்டான்.

“நீங்க ஏனக்கா உள்ள வந்தனீங்கள்?”

கேட்டுக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தான். பத்மாவதி அவன் பக்கத்தில் குந்தினாள். முற்றத்தில், தெற்கே முகாமுக்குப் போகிற லொறியைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது.