பன்னிரண்டு சிவப்புச் சதுரங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதம் வரை நான் ஒரு சாதாரண டிராயிங் மாஸ்டராகத்தான் இருந்தேன். திருத்தணியில் பதினான்கு வருஷமாகக் கரும்பலகையில் மாம்பழம், செம்பு, வாழையிலை என்று வரைந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் அவற்றை முட்டை, பானை, படகு என்று திருப்பி வரைந்து தருவார்கள். நான் திருத்துவேன். என் பெயர் சடகோபன். அந்தப் பெயரைப் படத்தின் மூலையில் எப்படிச் சாய்வாகப் போடுவது என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறையப் பழகி வைத்திருந்தேன். கையெழுத்து தயாராக இருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய படம்தான் இல்லை.

அந்தச் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகப் பட்டணம் போனேன். முகூர்த்தம் முடிந்து ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. எழும்பூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஓவியக் காட்சி என்று எழுதியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடியது தெருவிலிருந்தே தெரிந்தது. கலைக்காகப் போனேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். விசிறிக்காகத்தான் போனேன்.

அங்கே வெளிநாட்டுப் படங்களின் அச்சுப் பிரதிகளை மாட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் முன்னால், விசிறி எட்டாத இடம் என்றாலும், அரை மணி நேரம் நின்றுவிட்டேன். வெள்ளைப் பரப்பு. குறுக்கும் நெடுக்குமாகச் சில கறுப்புக் கோடுகள். மேல் பாதியில் ஒரே ஒரு சிவப்புச் சதுரம். வேறு ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் ஒருவரிடம், "இது எதனுடைய படம்?" என்று கேட்டேன். "எதனுடையதும் இல்லை. அது அதுவாகவே இருக்கிறது" என்றார் அவர்.

ரயிலில் திருவள்ளூர் தாண்டுவதற்குள் எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. பதினான்கு வருஷமாக நான் வரைந்த மாம்பழம் எல்லாம் மாம்பழத்தின் அடிமை. என் சதுரம் யாருக்கும் அடிமையாக இருக்காது. ஜன்னல் வழியே பார்த்த வயல், வரப்பு, சிக்னல் கம்பம், கேட் கதவு எல்லாமே கோடும் கட்டமுமாகத் தெரிந்தன. எதிரே உட்கார்ந்திருந்தவர் நான் அவருடைய கட்டம் போட்ட லுங்கியையே முறைத்துப் பார்ப்பதைக் கண்டு வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

கடைத்தெருவில் முக்தார் அகமது ஜவுளிக்கடை வைத்திருந்தார். பொதட்டூர்பேட்டையில் நெய்யக் கொடுத்து லுங்கி வாங்கி விற்பவர். எனக்குப் பழக்கமான மனிதர். மறுநாள் சாயந்தரம் ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துப்போய் அவர் முன்னால் விரித்தேன்.

"மாஸ்டர், இது இன்னா?" என்றார்.

"சதுரம் பாய்."

"அது தெரியுது. இன்னாத்துக்கு?"

"எதுக்கும் இல்ல. அது அதுவாவே இருக்குது."

முக்தார் பாய் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக்கினார். "ஏன் ஒண்ணே ஒண்ணு? நாலு போட்டா ஜோடியா இருக்குமே?"

நான் அவருக்குக் கலையைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். உலகம் மாறிவிட்டது, தேசம் விடுதலை அடைந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, லுங்கி மட்டும் அதே நீலக் கட்டத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்றெல்லாம் பேசினேன். பாய் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஆடிக் கிருத்திகைக்குப் புதுசா ஏதாச்சும் வெக்கணும்னு நெனச்சிகினுதான் இருந்தேன். பன்னெண்டு போடச் சொல்லலாம். அதுக்கு மேல வேணாம் மாஸ்டர். நூல் கெடைக்கறதே கஷ்டமா இருக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். பாய் சொன்ன வீட்டில் கன்னியம்மாள் தறியில் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். என் படத்தைத் தறிக்கட்டை மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கோடெல்லாம் சரிங்க. இந்தச் செவப்பு இங்க மட்டுந்தானா?"

"ஆமா. அங்க மட்டும்."

"பாவுல செவப்பு வெச்சா அது நீட்டுக்கும் ஓடும். ஊடையில போட்டா இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு ஓடும். நடுவுல மட்டும் வந்து குந்துன்னா அது குந்தாதுங்க. தனியா ஒரு செவப்பு நூலு வெச்சிகினு, ஒவ்வொரு எழைக்கும் கையால திருப்பித் திருப்பி விடணும்."

துணியில் நூல் இரண்டு பக்கமாக ஓடுகிறது என்பதை நாற்பது வயதில் அன்றுதான் நான் யோசித்துப் பார்த்தேன். அதைக் காட்டிக்கொள்ளாமல், "முடியுமா முடியாதா?" என்றேன், ஏதோ அவளுக்குப் பரீட்சை வைப்பவன் போல.

"முடியுங்க. முடியாதுன்னா சொன்னேன்? ஆனா மாஸ்டரு, இதக் கட்டிக்கினா அது எங்க வந்து விழும்னு பாத்தீங்களா?"

"அது கட்டுறவங்க பாடு" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூலையில் என் பெயரையும் நெய்ய முடியுமா என்று கேட்டேன்.

"பேரா?" என்று சிரித்தாள். "கட்டிக்கினவங்க பேரா, நெய்ஞ்சவங்க பேரா?"

பெயரை விட்டுவிட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் பன்னிரண்டும் வந்துவிட்டன. அந்தச் சிவப்பை அப்படியொரு சுத்தமான ஓரத்தோடு நெய்திருந்தாள் கன்னியம்மாள். நான் காகிதத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகூட அவ்வளவு நேராக இல்லை. கடையில் மடிப்பைப் பிரித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முக்தார் பாய் ஒன்றை எடுத்துத் தன் வேட்டிக்கு மேலேயே சுற்றிப் பார்த்தார்.

லுங்கியை மூட்டிய தையலை முன்மடிப்புக்குள் மறைத்துக் கட்டுவதுதான் எல்லாருக்கும் வழக்கம். அப்படிக் கட்டினால் துணியின் நடு பின்னால் போகும். மேல் பாதி இடுப்புக்குக் கீழே வரும். ஒரு சாணுக்கு ஒரு சாண் இருந்த என் சுதந்திரச் சதுரம் பாயின் பின்புறத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கன்னியம்மாள் கேட்டது இதைத்தான்.

பாய் அதை அரை வட்டம் திருப்பி முன்பக்கம் கொண்டுவந்தார். குனிந்து பார்த்தார். உடனே மறுபடி பின்னால் தள்ளிவிட்டார்.

"மாஸ்டர்," என்றார் மெதுவாக, "முன்னால வெச்சா மானம் போவுது. பின்னால வெச்சா மரியாதை போவுது. எங்க வெச்சிக்கிறது?"

புதுமையை ஜனங்கள் ஏற்றுக்கொள்ள யாராவது ஒருவர் முதலில் துணிய வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். அந்த ஒருவர் நான்தான் என்றும் சொல்லிவிட்டேன். வேட்டியைத் தவிர வேறு கட்டி வெளியே வராதவன், மறுநாள் காலை அந்த லுங்கியோடு கடைத்தெருவில் நடந்தேன். பூக்கடைக்காரர், "ஐயய்யோ, மாஸ்டரு பெயிண்டு காயறதுக்குள்ள பெஞ்சில குந்திட்டாரு!" என்று கத்தினார். இன்னொருவர் பின்னாலேயே ஓடிவந்து, கட்டி ஏதாவது உடைந்துவிட்டதா, வைத்தியரிடம் போகலாமா என்று காதோடு காதாகக் கேட்டார். அவருக்கு நான், "அது எதனுடையதும் இல்லை" என்று பதில் சொன்னேன். அவர் இன்னும் பயந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தேவகி என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். வேட்டியை எடுத்துத் தந்துவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து வெகுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. லுங்கி அன்றே பாய் கடை அடுக்குக்குத் திரும்பிப் போனது.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு ஊருக்குள் கூட்டம் வரத் தொடங்கியது. முக்தார் பாய் கடைக்கு வெளியே பலகை போட்டு லுங்கிகளை அடுக்கினார். நீலக் கட்டம் போயிற்று, பச்சைக் கட்டம் போயிற்று. என்னுடையது அப்படியே இருந்தது. நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன், நஷ்டத்துக்குக் காரணமானவன் முகத்தைக் காட்டாமல் இருப்பது அழகல்ல என்று. பன்னிரண்டையும் நானே வாங்கிக்கொண்டால் எத்தனை வருஷத்துக்கு வரும் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். பருத்த உடம்பு, கணீரென்ற குரல். நகரிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு காவடிக்கு வந்தவள். பெயர் எல்லம்மாள் என்பது அவள் பின்னால் நின்ற ஆண்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவை அவளைக் கூப்பிட்டதில் தெரிந்தது.

அவள் என் லுங்கி ஒன்றை உதறி விரித்தாள். பத்தடி தள்ளிப்போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இன்னும் பத்தடி பின்னால் போனாள். எழும்பூரில் அந்தக் கண்ணாடிக்காரர் அப்படித்தான் பின்னால் போய்ப் போய்ப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இது எத்தினி இருக்குது?" என்றாள்.

"பன்னெண்டு" என்றார் பாய்.

"பன்னெண்டும் குடு."

என்னால் அடக்க முடியவில்லை. "அம்மா, இதுல ஒங்களுக்குப் புடிச்சது இன்னான்னு சொல்ல முடியுமா? அந்தச் செவப்பா? அந்த வெள்ளையா? ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அமைதியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "போன வருஷம் கெடாவாட்டம் இருந்த எங்க அக்கா வூட்டுக்காரரு, இந்த பாவா, கூட்டத்துல காணாம பூட்டாரு. ரெண்டு நாள் கழிச்சி ரேணிகுண்டாவுல கெடச்சாரு. எந்த ரயிலுல ஏறினாருன்னு அவருக்கே தெரியாது. இத இவங்களுக்குக் கட்டி வுட்டா எத்தினி தூரத்துலேந்தும் தெரியும். காவடி எடுக்கறவன் மஞ்சத் துணி கட்டுவான். மத்தவன் எதக் கட்டினா இன்னா?"

பின்னால் நின்ற பாவா தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

"படி ஏறும்போது நல்லாத் தெரியும்" என்றாள் எல்லம்மாள், என்னைத் தேற்றுகிறவள் மாதிரி. "மேல போறவன் குண்டிதானே கீழேர்ந்து வர்றவன் மூஞ்சிக்கு நேரா இருக்குது?"

கிருத்திகையன்று நானும் தேவகியும் மலை ஏறினோம். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்று அண்ணாந்து பார்த்தேன். படி தெரியாமல் ஜனம். மஞ்சள் துணி, மயிற்பீலி, பூ. அதற்கு நடுவே என் சதுரங்கள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு சேர்ந்து போகும், பிரியும். நாலு ஒரு வரிசையாகும். ஒன்று காவடிக்குப் பின்னால் மறைந்து வேறெங்கோ முளைக்கும். மண்டபத்தில் மாட்டியிருந்த படம் அசையாமல் நின்றது. இது மலை மேல் ஏறிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றை நான் காகிதத்தில் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இதை யார் வரைந்தது என்று கேட்டால், கன்னியம்மாளைச் சொல்வதா, எல்லம்மாளைச் சொல்வதா, போன வருஷம் காணாமல் போன அந்தப் பாவாவைச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

பார்த்துக்கொண்டே அவர்கள் பின்னால் ஏறினேன். எண்ணிக்கொண்டே ஏறினேன். பன்னிரண்டும் சரியாக இருந்தன. உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் தேவகியைக் காணவில்லை.

ஒன்றரை மணி நேரம் தேடினேன். கடைசியில் அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். எல்லம்மாளின் கூட்டத்தோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், நான் நாலாவது தடவையாக அந்தப் பக்கம் ஓடியபோது கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"எப்படி இவங்களோட சேர்ந்த?" என்றேன் மூச்சிரைக்க.

"நீங்க என்னை விட்டுட்டு அதுங்க பின்னால போனீங்க. நானும் அதுங்கள அடையாளம் வெச்சிகினுதான் வந்தேன்" என்றாள். "ஊர்ல எல்லாரும் காணாம போவாம இருக்கத் துணி போட்டுக் குடுத்தவரு, பொண்டாட்டிய மட்டும் தொலைச்சிட்டாரு."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பாவாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இந்த வருஷம் அவர் தொலையவில்லை என்ற தெம்பு.

தை மாதம் முக்தார் பாய் கூப்பிட்டனுப்பினார். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து மூன்று ஊர்க்காரர்கள் கேட்கிறார்களாம். ஒரு ஊருக்குப் பச்சை, ஒரு ஊருக்கு நீலம் வேண்டுமாம். நான் பழையபடி பெரிய மனிதனாகிவிட்டேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஏழு விதமாக வரைந்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போனேன்.

கன்னியம்மாள் தறியில் ஏற்கெனவே ஒரு துணி ஓடிக்கொண்டிருந்தது. அது லுங்கி இல்லை, துண்டு. அதில் இரண்டு முனையிலும் பச்சைச் சதுரம்.

"லுங்கி படியிலதாங்க தெரியும். சமதரையில கூட்டம் மறைச்சிடும். துண்டுன்னா தோள் மேல கெடக்கும், பின்னால ஒண்ணு முன்னால ஒண்ணு, எங்கேர்ந்து பாத்தாலும் தெரியும். பொம்பளைங்களும் போட்டுக்கலாம்" என்றாள். "பாய் கிட்ட சொன்னேன். சரின்னுட்டாரு."

கக்கத்தில் இருந்ததை நான் பிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"வரைஞ்சி எடுத்தாந்தீங்களா?"

"சும்மா... நாலஞ்சி."

"அப்புறம் பாக்கறேன், எடுத்துகினு போயிடாதீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்றாள். பிறகு தறியை நிறுத்தாமலே மூலையைக் காட்டினாள். "கை சும்மாத்தானே இருக்குது? அந்தப் பச்ச நூலு சிக்கு புடிச்சிகினு கெடக்குது. கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

உட்கார்ந்தேன். ஊடை நூலோடு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிக்கு எடுத்தேன். சாயந்தரப் பஸ் வருவதற்குள் பாதி எடுத்துவிட்டேன். மீதிப் பாதி, காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் மோசமாக இருந்தது.